பலகை எவ்வளவு நீளமோ, ரேக் அவ்வளவு உயரம்

பிக்அப் வைத்திருப்பவர்கள் சாமான் வாங்கும் வரிசை ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கிறது. முதலில் பின் தொட்டிக்கு மடிப்பு மூடி, அதாவது மூன்று நான்கு பலகைகளைக் கீலால் கோத்து ஒன்றன்மேல் ஒன்றாக மடிக்கும் மூடி. ஆறு மாதம் ஓட்டிய பிறகு, மூடி போட்டதால் உயரமான எதையும் ஏற்ற முடியவில்லை என்று புரிகிறது. உடனே மேலே ஒரு ரேக், அதாவது சாமான் கட்டக் கால்கள்மேல் நிற்கும் குறுக்குக் கம்பிகள். ரேக் வந்த அன்று பட்டறை வாசலில் நடக்கும் பேச்சும் எங்கேயும் ஒரே மாதிரிதான். "அண்ணே, ரேக்கு கச்சிதமா உக்காந்துடுச்சு." "சரி தம்பி, மூடியத் தொறந்து காட்டு." மூடி பாதி எழும்பும், குறுக்குக் கம்பியில் டங்கென்று இடித்து நிற்கும். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச மாட்டார்கள். ரேக் விற்றவரும் மூடி விற்றவரும் பொய் சொல்லவில்லை. "மூடியோடு பொருந்தும்" என்று ரேக் பெட்டியில் அச்சடித்திருப்பதும் உண்மைதான். பொருந்தும் என்றால் மாட்ட முடியும் என்று பொருள். மாட்டிய பிறகு மூடியை மடிக்க முடியுமா என்பதை அந்த அட்டை சொல்வதில்லை.

மூடியும் ரேக்கும் இரண்டு தனிச் சாமான் என்று நினைப்பதில்தான் தப்பு தொடங்குகிறது. இரண்டுக்கும் உட்கார ஒரே விளிம்பு, பிடித்துக்கொள்ள ஒரே தகடு, மேலே அசைய ஒரே வெற்றிடம். ஒன்றின் அளவை எடுக்காமல் மற்றதற்குக் காசு கட்டினால், அந்தக் காசு பாதி வீண். சொல்வதற்கு எளிது. ஆனால் எந்த அளவு, எங்கிருந்து எங்கே என்று கேட்டால் பலரிடமும் பதில் இருக்காது.

நம் பக்கத்தில் இரண்டுமே தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் பக்கம் சர்ஃப் பலகை ஏற்றுபவர்கள், ஏணியும் குழாயும் ஏற்றும் காண்ட்ராக்டர்கள், கூரைக் கூடாரம் கட்டிக்கொண்டு கிளம்புபவர்கள் எல்லோருக்கும் மேலே கம்பி வேண்டும். கீழே இருப்பதெல்லாம் நனையவும் கூடாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. ஒன்றரை மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள தொட்டி என்றால் பரப்பு 2.25 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: அந்த ஒரு நாளில் அந்த ஒரு மூடியின் தலையில் விழுந்த தண்ணீர் ஆயிரம் லிட்டர், ஒரு சின்டெக்ஸ் டாங்க். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே ரேக் ரெயிலை (ரேக்கின் கால்கள் உட்காரும் நீளப் பட்டை) செருகுகிறவர், அந்த ஆயிரம் லிட்டர் போகும் வழியில்தான் கை வைக்கிறார்.

ஒரே மடிப்புக்கு இரண்டு பேர்

தொட்டியின் பக்கச் சுவரை மேலிருந்து பாருங்கள். மேல் விளிம்பில் பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதற்கடியில் தகடு உள்பக்கமாக மடிந்து, பிறகு சில சென்டிமீட்டர் கீழே தொங்கும். இந்த உள்மடிப்புதான் எல்லாச் சண்டைக்கும் இடம். ஓட்டை போடாமல் மாட்டும் மூடி எதுவானாலும் அதன் கிளாம்ப் இந்த மடிப்பைத்தான் கவ்வும். ஓட்டை போடாமல் மாட்டும் ரேக்கும் இதையேதான் கேட்கும்.

இணையத்தில் பார்க்கும் வீடியோக்களில் பாதி அமெரிக்க வண்டிகளுக்கானவை. அந்த வண்டிகளில் விளிம்பின் மேலேயே ஸ்டேக் பாக்கெட் என்று சதுரக் குழிகள் இருக்கும். ரேக்கின் காலை அதற்குள் இறக்கி இறுக்கிவிட்டால் உள்மடிப்பு முழுவதும் மூடிக்கே மிச்சம். இங்கே ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் பிக்அப்களில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. ஆகவே வீடியோவில் பதினைந்து நிமிடத்தில் முடிகிற வேலை இங்கே ஒரு முழு நாள் எடுக்கும்.

மூடி எந்த வகை என்பதைப் பொறுத்துச் சண்டையின் கடுமை மாறும். விளிம்பின் மேலேயே படுத்துக்கொள்ளும் மூடி என்றால் (ரெக்சின் போன்ற துணி மூடிகளில் பெரும்பாலானவை இப்படித்தான்) ரேக் ரெயிலுக்கு இடமே இல்லை. சிலர் ரெயிலை முதலில் மாட்டி அதன் மேல் மூடியைப் படுக்க வைக்கிறார்கள். ரெயிலின் உயரம் 30 மி.மீ. என்றால் மூடியும் அவ்வளவு தூக்கிக்கொள்ளும். கேபின் பக்கமும் பின் கதவுப் பக்கமும் 30 மி.மீ. சந்து திறக்கும். அந்தச் சந்தை ஃபோம் டேப் ஒட்டி அடைத்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததற்குள் ஃபோம் பஞ்சாகிவிடும். இந்த வகை மூடி ஏற்கெனவே இருந்தால் அதை விற்றுவிடுவதே லாபம்.

இரண்டாவது வகை, தொட்டிக்குள் இறங்கி உட்காரும் கெட்டி மூடி. இதற்குச் சொந்தமாகப் பக்க ரெயில் உண்டு. அது உள்மடிப்பில் பக்கத்துக்கு மூன்று நான்கு கிளாம்பில் தொங்கும். பலகைகள் அதன்மேல் ரப்பர் பட்டையில் படியும். ரப்பரைத் தாண்டி உள்ளே வரும் தண்ணீரை ரெயிலிலேயே இருக்கும் வாய்க்கால் பிடித்து, மூலையில் உள்ள ஓஸ் வழியாக வெளியே விடும். இங்கே விளிம்பின் மேல்பகுதி காலியாக இருப்பதால் ரேக் ரெயில் அங்கே உட்காரலாம். ஆனால் ரேக்கின் கிளாம்ப் கீழே வந்து கவ்வ வேண்டிய இடத்தில் மூடியின் கிளாம்ப் ஏற்கெனவே நிற்கும். மூன்றாவது வகையில் மூடியின் பக்க ரெயிலிலேயே மேல்புறம் டி-ஸ்லாட் காடி (டி எழுத்து வடிவப் பள்ளம்) வெட்டியிருப்பார்கள். ரேக்கின் காலை அந்தக் காடியில் நகர்த்தி இறுக்க வேண்டியதுதான். விலை கூட. ஆனால் இரண்டையும் புதிதாக வாங்குகிறவருக்கு இதுதான் சரியான வழி, ஏனென்றால் கிளாம்ப் போட்டியே கிடையாது. அதிலும் ஒரு விஷயம் பாருங்கள்: காடி இருப்பதாலேயே எல்லா எடையையும் தாங்கும் என்று பொருள் இல்லை. சில காடிகள் வெறும் கயிற்று வளையம் மாட்டத்தான். ரேக்கின் எடை அளவு அந்த ரெயிலுக்கும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ரீப்பர் கட்டையை ஆட்டிப் பாருங்கள்

கீழே நடக்கும் சண்டை கண்ணுக்குத் தெரியும். மேலே நடப்பது தெரியாது. பட்டறை வாசல் மௌனத்துக்குக் காரணமும் அதுதான். மடிப்பு மூடியின் பலகை மேலே எழும்போது நேராக எழுவதில்லை, கீலை மையமாக வைத்து அரைவட்டம் அடிக்கிறது. தொட்டி 1,500 மி.மீ., மூன்று பலகை என்றால் ஒரு பலகை 500 மி.மீ. அதன் முனை கீலிலிருந்து 500 மி.மீ. ஆரத்தில் ஒரு வில் போடும். அந்த வில்லுக்குள் எது இருந்தாலும் இடிக்கும். குறுக்குக் கம்பி மட்டுமல்ல, கம்பியின் மேல் கட்டிய சர்ஃப் பலகையும், ஏணியும், கூடாரத்தின் அடித்தட்டும் எல்லாம்தான்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சோம்பலாக இருந்தால் ஒரு ரீப்பர் கட்டை போதும். உங்கள் மூடியின் ஒரு பலகை நீளத்துக்குக் கட்டையை வெட்டுங்கள். ஒரு முனையைக் கீல் வரும் இடத்தில் விளிம்பின்மேல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு முனையைப் பின் கதவிலிருந்து தூக்கி கேபின் பக்கம் வரை சுற்றிக் கொண்டுபோங்கள். ரேக் எந்த உயரத்தில் வரப்போகிறதோ அந்த உயரத்தில் இருபுறமும் ஒரு நூல் கட்டியிருந்தால், கட்டை நூலைத் தொடும் இடம் தெரிந்துவிடும். நூலில் மாட்டிய கட்டை அங்கேயே நிற்கும்போதுதான், மூடி வாங்கியவர் முகத்தில் விஷயம் ஏறும். ரேக் வாங்குவதற்கு முன்னால் ஏறினால் நல்லது.

கம்பி விளிம்பிலிருந்து 300 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடாரக்காரர்கள் விரும்பும் தாழ்வான ரேக் இதுதான். பின் பலகையின் கீல் பின் கதவிலிருந்து 500 மி.மீ. தள்ளி இருக்கிறது. 300 உயரத்தில் உள்ள கம்பி இந்தக் கீலுக்கு இருபக்கமும் 400 மி.மீ.க்குள் எங்கே இருந்தாலும் பலகை இடிக்கும். அதாவது பின் கம்பி கதவிலிருந்து 100 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்; அடுத்த கம்பி 900-க்கு அப்பால். சரி, 50-இல் ஒன்றும் 950-இல் ஒன்றும் வைத்தால் முதல் மடிப்பு தப்பித்துவிடும். இரண்டாவது மடிப்பின் கீல் 1,000-இல் இருக்கிறதே? அது மடியும்போது 950-இல் இருக்கும் கம்பி நெற்றிக்கு நேராக நிற்கும். ஆகவே முன் கம்பியை 1,420-க்கு அப்பால், கேபினை ஒட்டித் தள்ள வேண்டும். இப்போது கம்பி இரண்டும் தொட்டியின் இரு ஓரத்தில். மூடி முழுதாக மடிகிறது. ஏகப்பட்ட மகிழ்ச்சி. அந்தக் கம்பிகளின்மேல் ஒரு கூடாரத்தை வையுங்கள். நடுவில் கம்பி இல்லாத இடத்தில் இப்போது கூடாரத்தின் அடித்தட்டு 300 மி.மீ. உயரத்தில் பரந்து கிடக்கும். பலகையின் முனை 300 மி.மீ. எழும்பியதும் முட்டும், கோணத்தில் சொன்னால் 37 டிகிரி. மூடி அதற்கு மேல் திறக்காது. பின் கதவைத் திறந்து பக்கத்தில் இருப்பதை எடுக்கலாம். கேபினை ஒட்டிப் போய்விட்ட பண்ருட்டிப் பலாப்பழத்தை எடுக்க உள்ளே தவழ்ந்துதான் போக வேண்டும்.

ஆக, கம்பியை முன்னே பின்னே நகர்த்துவது தீர்வே அல்ல. மேலே ஒரு சாமான் கட்டிய நிமிடத்தில் கம்பியின் இடம் பொருளற்றுப் போகிறது. உயரம் ஒன்றுதான் கணக்கு. விளிம்பின் மேல் ரப்பரிலிருந்து கம்பியின் அடிப்பாகம் வரை, ஒரு பலகையின் நீளத்தோடு 50 மி.மீ. சேர்த்த உயரம் வேண்டும். இந்த 50 எதற்கென்றால், இரண்டாவது மடிப்பில் ஒரு பலகையின் முதுகில் இன்னொன்று படுத்துக்கொண்டு சுற்றும். முனை கொஞ்சம் வெளியே நீளும். கம்பியில் சாமானைக் கட்டிய பெல்ட் கீழே தொங்கும். எடை ஏறினால் கம்பி சற்று வளையவும் செய்யும். மூன்று பலகை மூடிக்கு 550 மி.மீ. வருகிறது; ஏறத்தாழ கேபின் கூரை மட்டம். நான்கு பலகை மூடி என்றால் ஒரு பலகை 375, ரேக் 425-இல் போதும்.

இங்கேதான் மூடியையும் ரேக்கையும் ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டிய காரணம் நிற்கிறது. தாழ்வான ரேக்தான் வேண்டும், மேலே கூடாரம்தான் வரப்போகிறது என்றால் நான்கு பலகை மூடியைத் தேடுங்கள். ஏணி, குழாய், சர்ஃப் பலகை என்றால் எப்படியும் கூரை மட்டத்துக்கு ரேக் வேண்டும், இல்லாவிட்டால் முன்பாதி கூரையில் உராயும். அப்போது மூன்று பலகையே நல்லது. பலகை ஒன்று கூடினால் கீல் ஒன்று கூடும், கீல் ஒன்று கூடினால் தண்ணீர் இறங்க ஒரு கோடு கூடும். ஐப்பசி கார்த்திகையில் அந்த ஒரு கோட்டுக்கு விலை உண்டு. மூன்று பலகை மூடியோடு 300 மி.மீ. ரேக்கையும் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: ரேக்கின் கால்களுக்கு அடியில் உயரம் கூட்டும் துண்டு வைப்பது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு காலுக்கும் குறுக்குச் சாய்வுப் பட்டை வேண்டும். வெறும் காலை நீட்டினால் வளைவில் ரேக் பக்கவாட்டில் ஆடும்.

இன்னொரு இடிபடும் இடம் கால்களே. சில ரேக்குகளின் கால் மேலே போகப் போக உள்பக்கம் சாயும், அல்லது முட்டுக் கொடுத்த முக்கோணத் தகடு உள்பக்கம் நீண்டிருக்கும். பலகையின் ஓரத்துக்கும் காலின் உள்முகத்துக்கும் நடுவே பக்கத்துக்கு 10 மி.மீ.யாவது இருக்க வேண்டும். மடித்த பலகை நேர்கோட்டில் போவதில்லை. ஒரு கையால் தூக்கினால் கொஞ்சம் திருகிக்கொண்டு போகும்.

மாட்டும் வேலை

முதலில் தொட்டியின் உள்ளே பிளாஸ்டிக் லைனர் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பின் மேல் ஏறி மூடும் லைனர் என்றால் கிளாம்ப் தகட்டைப் பிடிக்காமல் லைனரைப் பிடிக்கும். ஒவ்வொரு கிளாம்ப் இடத்திலும் 70 மி.மீ. அகலத்துக்கு லைனரை வெட்டி எடுக்க வேண்டும். விளிம்பின் மேலிருக்கும் பிளாஸ்டிக் தொப்பிக்கும் இதே விதி. பலர் தொப்பியின்மேலேயே ரெயிலை வைத்து இறுக்கிவிடுகிறார்கள். மாட்டிய அன்று கல் மாதிரி இருக்கும். கத்திரி வெயிலில் பிளாஸ்டிக் மெல்ல அமுங்கும், போல்ட் அப்படியே இருக்க இறுக்கம் மட்டும் போய்விடும். கால் வரும் இடத்தில் தொப்பியில் ஜன்னல் வெட்டி, தகட்டின்மேல் 3 மி.மீ. இ.பி.டி.எம். (வெயில் மழை தாங்கும்) ரப்பர் வைத்து, அதன்மேல் அடித்தட்டு உட்கார வேண்டும்.

பிறகு மாஸ்கிங் டேப். மூடியின் கிளாம்ப் ஒவ்வொன்றும் எங்கே வரும் என்று விளிம்பு நெடுக டேப் ஒட்டி மார்க்கரில் குறியுங்கள். மூடியின் கிளாம்ப் இடத்தை ஓரளவு நகர்த்தலாம், ரேக்கின் இடத்தை நகர்த்த முடியாது. ஆகவே ரேக்கின் இடத்தை முதலில் எழுதிவிட்டு, மூடியின் கிளாம்பை அதிலிருந்து இரண்டு பக்கமும் 40 மி.மீ.யாவது தள்ளி வையுங்கள். ஸ்பேனர் திருப்ப அவ்வளவு இடம் வேண்டும். ரேக் ரெயிலுக்குப் பக்கத்துக்கு நான்கு எம்8 (8 மி.மீ. போல்ட்) கிளாம்ப், மூடிக்கு மூன்று. ஏழு கிளாம்பும் ஒன்றரை மீட்டரில் அடங்கும், ஆனால் மூலையில் இருக்கும் ஓஸின் மேல் எதுவும் உட்காரக் கூடாது.

உள்மடிப்புத் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனம்தான். எம்8 போல்ட்டை 18 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் அது ஏறத்தாழ 1,100 கிலோ அழுத்தத்தோடு தகட்டைக் கவ்வும். அந்த அழுத்தம் ஒரு வாஷர் அளவு இடத்தில் விழுந்தால் தகடு குழியும். குழிந்ததும் இறுக்கம் போகும், மறுபடி இறுக்குவார்கள், இன்னும் குழியும். மடிப்புக்கு அடியில் 150 மி.மீ. நீளத்துக்கு 40-க்கு 5 மி.மீ. பட்டைத் தகடு ஒன்றை வைத்து அதன்மேல் கிளாம்ப் கவ்வினால் அழுத்தம் பரவிவிடும். ரெயில் செட்டோடு வரும் சின்னக் கிளாம்பை மட்டும் நம்புவதைவிட, பட்டறையில் எட்டு பட்டைத் தகடு வெட்டி ஓட்டை போட்டு வாங்கிக்கொள்வது மேல். கடலூர் சிப்காட் பக்கமோ புதுச்சேரி தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கமோ இது அரை மணி நேர வேலை.

ரெயிலே வாங்காமல் உள்ளூரில் செய்துகொள்பவர்களும் உண்டு. மின்சாரச் சாமான் கடைகளில் கேபிள் தட்டு தாங்க விற்கும் 41-க்கு 21 மி.மீ. ஸ்லாட்டட் சேனல், 2.5 மி.மீ. கனம், ஹாட் டிப் கால்வனைஸ் செய்தது, 1,400 மி.மீ.க்கு இரண்டு துண்டு. அதற்குரிய ஸ்பிரிங் நட்டைச் சேனலுக்குள் போட்டு எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். பார்க்க அழகில்லை, தாங்கும். வெட்டிய முனைகளில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும், அங்கே ஜிங்க் ஸ்பிரே இரண்டு கை அடிக்காவிட்டால் முதல் மழையிலேயே காவி நிறம் வழியும்.

இரண்டு ரெயிலையும் விரல் இறுக்கத்தில் வைத்துவிட்டு மூலைவிட்டம் அளக்க வேண்டும். இடது முன் மூலையிலிருந்து வலது பின் மூலை, பிறகு அதற்கு எதிர். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் ரெயில் ஒன்று முன்னே போயிருக்கிறது, அல்லது தொட்டி எப்போதோ அடி வாங்கிச் சரிசெய்யப்பட்டது. அடி வாங்கிய தொட்டியில் விளிம்பை நம்பாமல் மூடியின் பக்க ரெயில்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி நூல் பிடித்து வைக்க வேண்டும்.

எல்லோரும் தவறும் இடம் இதற்கடுத்தது. கால்களைக் கெட்டியாக இறுக்கிவிட்டு, கடைசியில் குறுக்குக் கம்பியை மாட்டுவார்கள். கம்பியின் ஓட்டை 4 மி.மீ. தள்ளி நிற்கும். "இழுத்துப் புடி" என்று ஒருவர் காலை உள்ளே இழுக்க, இன்னொருவர் போல்ட்டைச் செருகிவிடுவார். போல்ட் ஏறிவிட்டது, ஆனால் தொட்டியின் இரு பக்கச் சுவரும் உள்ளே இழுபட்டு நிற்கிறது. விளைவு இரண்டு நாளில் தெரியும்: பின் கதவு மூடும்போது ஒரு பக்கம் உரசும், மூடியின் தாழ்ப்பாள் தன் குழியில் விழாது. மூடியைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். கம்பிகளையும் கால்களையும் தளர்வாகவே சேர்த்து, பின் கதவை நான்கைந்து முறை திறந்து மூடி, அப்புறம் ரெயில் கிளாம்ப், கால், கம்பி என்ற வரிசையில் பாதி இறுக்கம். இப்போது மூடியை உட்காரவைத்து மூன்று முறை முழுதாக மடித்து விரித்துவிட்டு, அதே வரிசையில் முழு இறுக்கம். கம்பியின் போல்ட் எப்போதும் கடைசி.

ரேக்கை கேபின் கூரையோடு எந்த வகையிலும் இணைக்கக் கூடாது. பிக்அப்பில் கேபினும் தொட்டியும் ஒரே சேஸில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது இரண்டும் வேறு வேறு பக்கம் திருகும். நடுவில் இருக்கும் சந்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஒரு ஸ்பீடு பிரேக்கரைக் கோணலாக ஏறச் சொல்லுங்கள், தெரியும். ஏணியைக்கூட முன்னால் கூரையிலும் பின்னால் ரேக்கிலும் இறுக்கிக் கட்டாமல், ரேக்கின் இரண்டு கம்பியில் மட்டும் கட்ட வேண்டும்.

ஓட்டை போட்டே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் எம்8 ரிவ்நட்டுக்கு (தகட்டில் ரிவெட் போலப் பதியும் நட்டு) 11 மி.மீ. ஓட்டை. துளைத்த ஓரத்தைப் பிசிறு நீக்கி, ஜிங்க் பிரைமர் தடவி, காய்ந்த பிறகு பாலியூரித்தேன் சீலன்ட் வைத்து ரிவ்நட் ஏற்றுங்கள். பிரைமர் காயும் முன் ஏற்றினால் எல்லாம் வழிந்து வந்துவிடும். ஆனால் நம் கடற்கரையில் தொட்டியைத் துளைக்காமல் இருப்பதே என் கட்சி.

உப்பு

தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ ராத்திரி நிறுத்திய வண்டியின் மேல் காலையில் விரலை இழுத்தால் பிசுபிசுக்கும். அலுமினிய ரெயில், ஸ்டெயின்லெஸ் போல்ட், இரும்புத் தொட்டி மூன்றும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அந்தப் பிசுபிசுப்பு பேட்டரியின் ஆசிட் போல வேலை செய்யும். முதலில் கரைவது அலுமினியம்; போல்ட் தலையைச் சுற்றி வெள்ளை மாவு கட்டுவது அதுதான். ரெயில் பெரிது, போல்ட் சிறிது என்பதால் கரைவது மெதுவாக நடக்கும். ஆனால் போல்ட் தலைக்கு அடியில் நைலான் வாஷரும், ரெயிலுக்கும் தொட்டிக்கும் நடுவே ரப்பரும் இருந்தால் அதுவும் நிற்கும். வாஷரைச் சேமித்து என்ன செய்யப் போகிறோம்?

ஸ்டெயின்லெஸ் என்றால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 304 ரகம். அதில் மாலிப்டினம் இல்லை. 316-இல் 2 முதல் 3 சதவீதம் இருக்கிறது, உப்பைத் தாங்குவது அதனால்தான். நெய்வேலிக்கு 304 போதும், தேவனாம்பட்டினத்துக்கு 316 கேட்டு வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் நட்டை மெஷின் ஸ்பேனர் வைத்து விர்ரென்று ஏற்றக் கூடாது. மரையோடு மரை சூடேறி ஒட்டிக்கொள்ளும், முன்னேயும் போகாது பின்னேயும் வராது; கிரைண்டரில் அறுக்க வேண்டியதுதான், அப்போது பறக்கும் பொறி மூடியின் ரப்பரில் பொத்தல் போடும். மரையில் ஆன்டி-சீஸ் (மரை ஒட்டாமல் தடுக்கும் பசை) தடவி, கை ஸ்பேனரில் மெதுவாக ஏற்றி, கடைசிச் சுற்றுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்). தடவிய மரை வழுக்கும் என்பதால் எழுதியிருக்கும் அளவில் கால் பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை, 500-இல் ஒரு முறை இறுக்கம் பாருங்கள். இ.சி.ஆரில் போகும்போது புதிதாக ஒரு விசில் சத்தம் வந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் டி-ஸ்லாட் காடியின் வாயில் காற்று ஊதுவதுதான். காடிக்குள் ரப்பர் பட்டையைச் செருகினால் அடங்கும்.

எடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரும்பு ரேக்கும் கெட்டி மூடியும் சேர்ந்தாலே 70, 80 கிலோவைத் தொடும். அது வண்டியின் தாங்கு எடையிலிருந்து கழியும். ரேக் பெட்டியில் ஓடும்போது தாங்கும் எடை, நிற்கும்போது தாங்கும் எடை என்று இரண்டு இருந்தால் சாலைக்கு முதலாவதுதான் கணக்கு. சட்டத்தில் இரண்டு இடம் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கழற்றி மாட்டும் கிளாம்ப் ரேக்கைத் துளைத்த, வெல்டிங் செய்த ரேக்கைவிட மேல் என்று சொல்வதற்கு இது இன்னொரு காரணம். அதே திருத்தம், சுமை வண்டிக்கு வெளியே அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் என்று வைத்திருக்கிறது. ஜி.ஐ. குழாய் 6 மீட்டர். ஹைலக்ஸும் வி-கிராஸும் 5.3 மீட்டரை ஒட்டியவை. எப்படிக் கட்டினாலும் நீட்டும். குழாயைக் கடையிலேயே வெட்டி வாங்குங்கள்.

ஓஸ்

ரேக் ரெயில் மாட்டிய பிறகு மூடி ஒழுக ஆரம்பித்தால் ரப்பரைச் சந்தேகிப்பதற்கு முன் ஓஸைப் பாருங்கள். மணிக்கு 10 சென்டிமீட்டர் கொட்டுகிற மழையில்கூட 2.25 சதுர மீட்டரில் விழுவது நிமிடத்துக்கு நான்கு லிட்டருக்கும் குறைவு. நசுங்காத 10 மி.மீ. ஓஸ் ஒன்றே அதைத் தாங்கும். ரேக்கின் கிளாம்பு ஓஸை நசுக்கியிருந்தால், அல்லது வண்டி சரிவில் நின்று எல்லாத் தண்ணீரும் ஒரே மூலைக்கு ஓடி, அந்த மூலையின் ஓஸ் மட்டும் அடைத்திருந்தால்தான் வாய்க்கால் நிரம்பி உள்ளே வழியும். ஒரு பாட்டில் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றிவிட்டு, வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். உடனே ஒழுக வேண்டும். ஓஸின் கீழ் முனையைச் சாய்வாக வெட்டி, வாய் பின்பக்கம் பார்க்கும்படி கட்டினால் டயர் அடிக்கும் சேறு உள்ளே போகாது.

ஒழுகவில்லை என்றால் மெல்லிய கம்பியைக் கீழிருந்து விட்டுப் பாருங்கள். நிறுத்தியே வைத்திருந்த வண்டியாக இருந்தால் பெரும்பாலும் ஒரு உருண்டை மண் வந்து விழும், குளவி கட்டியது. கொசுவலைத் துண்டை ஓஸின் வாயில் வைத்து ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள். ரப்பர் பேண்டு வெயிலில் ஆறு மாதம்தான் தாங்கும், புரட்டாசி முடிவதற்குள் புதிதாக ஒன்று.